கால் தேடிப் போனது

பதினொன்று வெட்டினேன்.
பீச் மரங்களுக்கு அடியில், ஞாயிறு காலை,
தலையை மட்டும்.
கால்களில் மண், ஒன்றிரண்டில் புழுத் துளை.
கூடையில் விரித்திருந்ததோ
அன்றுதான் துவைத்த துணி.

காளான் பொறுக்கத் தொடங்கி மூன்று வாரம்.
கோஷ்செஷினாவில் பாதிப் பேர்
நடக்கப் பழகியபோதே இதையும் பழகியவர்கள்.
நான் நாற்பத்தாறு வயதில்,
மருத்துவர் நடக்கச் சொன்னதால்.
வெறுங்கையோடு நடக்க வெட்கமாயிருந்தது,
கூடை எடுத்துக்கொண்டேன்.

பச்சைத் தொப்பி என்றால் ருசுலா,
வெண்ணெயில் வாட்டி உப்புத் தூவினால் போதும்
என்று பேருந்தில் யாரோ யாரிடமோ சொன்னது
காதில் விழுந்திருந்தது.
பச்சைதான் எல்லாம்.
பழுக்காத திராட்சைப் பச்சை,
களிம்பேறிய பித்தளைப் பச்சை.
ஒன்று மட்டும் ஆலிவ் பச்சை,
நடுவிலிருந்து ஓரம்வரை
சீப்பால் வாரிவிட்டதுபோல் இழை இழையாய்.
அழகாயிருந்ததால் அதை மேலே வைத்தேன்.

அம்ப்ரோஜி வாணலியை ஏற்றிவிட்டான்.
வெண்ணெய் சிணுங்கத் தொடங்கியது.
நான் கையேட்டைப் பிரித்தேன்,
சந்தேகத்தால் அல்ல, பெருமைக்காக,
பெயரை உரக்கப் படித்துவிட்டுச் சாப்பிடலாமென்று.

செவிள் வெள்ளை. ஆம்.
தொப்பி பச்சை. ஆம்.
கால் சுண்ணக்கட்டிபோல் பொட்டென்று ஒடியும்.
கால்?
எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பச்சைத் தொப்பி.
அதற்கும் செவிள் வெள்ளை.
காலில் ஒரு பாவாடை,
மண்ணுக்குள் ஒரு பை,
பெயருக்குக் கீழே சின்னதாய் ஒரு மண்டையோடு.

‘அடுப்பை அணை.’

‘ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாமே’ என்றான்.
கெட்டதும் சுவையாகத்தான் இருக்குமாம்,
அதே பக்கத்தில் போட்டிருந்தது.

இரவு ஒரு தாளில் பாதிக்குக் கறுப்பு பூசி
ஆலிவ் பச்சையைக் கவிழ்த்து
கண்ணாடித் தம்ளரால் மூடினேன்.
காலையில் அதன் வித்துத்தூள்
சக்கரம் வரைந்திருந்தது.
கறுப்பில் தெரிந்தது, வெள்ளையில் தெரியவில்லை.
ஆக, வெள்ளை.
நல்லதும் வெளுப்பாய் உதிர்க்குமாம், கெட்டதும்.
அத்தனை அழகாய் எழுதி
ஒன்றும் சொல்லாத கடிதம்.

சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசினேன்.
அங்கே காளான் பார்த்துச் சொல்லும் பெண்
தும்மிக்கொண்டே கேட்டாள்:
‘கால் இருக்கிறதா?’
இல்லை.
‘தலையை மட்டும் கொண்டுவந்தால்
நான் என்ன சொல்ல?’

பதினெட்டு வருடமாய்ச் செருப்புக் கடையில் வேலை.
காலைப் பார்த்த பிறகுதான்
முகத்தையே நிமிர்ந்து பார்ப்பேன்.
இதை அவளிடம் சொல்லவில்லை.

கடை திறக்குமுன் காட்டுக்குப் போனேன்.
ஏரியிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.
நேற்று தொப்பிகளைத் தேடிய கண்ணுக்கு
மொட்டைக் கால்கள் அகப்படவில்லை.
கடைசியில் முழங்காலிட்டு,
இலைச் சருகைக் கையால் விலக்கி,
என் கத்தி விட்டுப்போன வட்டங்களை
ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்தேன்.
நத்தைகள் எனக்கு முன்பே வந்திருந்தன.

முதல் கால், பொட்.
இரண்டாவது, பொட்.
எட்டுவரை சுண்ணக்கட்டி.
சிரிப்பு வரத் தொடங்கியது,
ஒவ்வோர் ஒடிசலுக்கும் கொஞ்சம்.

ஒன்பதாவது ஒடியவில்லை.
நாராய்க் கிழிந்தது.
மேலே கசங்கிய பாவாடை.
கரண்டியால் சுற்றிலும் தோண்டினேன்.
கிழிந்த முட்டை ஓடுபோல ஒரு வெள்ளைப் பை,
அதற்குள் நின்றுகொண்டிருந்தது,
தலை இல்லாமல், நிமிர்ந்து.

கூடையோடு எல்லாவற்றையும்
நெகிழிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன்.
‘நல்லவையும் இருந்தனவே’ என்றான் அம்ப்ரோஜி.
இருந்தன, ஓரிரவு முழுக்க அதோடு உரசிக்கொண்டு.
துணியையும் போட்டேன்.
கையை மூன்று முறை கழுவினேன்.
அவன் வாணலியில் உறைந்த வெண்ணெயை உருக்கி
முட்டை ஊற்றினான், பேசாமல் தின்றோம்.

கடையில் ஒரு பையன் காலை நீட்டினான்,
முப்பத்தொன்பதோ நாற்பதோ.
அளவுகோலை வைத்தபடி
மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினொரு தலை.
ஒன்பது கால்.